அந்த ஒன்பது பேர் ஏன் வரவில்லை?

கேள்வி: பெங்களூரில் ஒரு கல்லூரியில் வரலாறும் தொல்லியலும் சொல்லிக்கொடுக்கிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டில் 24 பேர். போன வருடம் வட கர்நாடகத்தில் பத்து நாள் களப்பயிற்சி முகாம் நடத்தினோம். தலைக்கு 9,000 ரூபாய். 15 பேர்தான் வந்தார்கள். வராதவர்களில் ஒருவர் ஊன்றுகோலுடன் நடப்பவர், இன்னொருவருக்குக் காது கேட்காது. நான்கு பெண்களை வெளியூரில் தங்க வீட்டில் விடவில்லை. மூன்று பேர் மாலை வேலைக்குப் போகிறவர்கள். இந்த ஒன்பது பேரையும் நூலகத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதச் சொல்லி மதிப்பெண் போட்டோம். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் வருகிற மாதிரியும், வருடா வருடம் நடத்த முடிகிற மாதிரியும் ஒரு பயிற்சியை அமைக்க முடியுமா? "குழி தோண்டாமல் என்ன தொல்லியல், தரம் போய்விடும்" என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர்.
– ஒரு விரிவுரையாளர், பெங்களூரு

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வராத ஒன்பது பேரில் ஏழு பேர் உடம்பால் எல்லா வேலையும் செய்யக்கூடியவர்கள். பத்து நாள் தொடர்ச்சியாக வெளியூரில் தங்கியாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான் அவர்களை வெளியே நிறுத்தியது. மற்ற இருவரையும் அழைத்துக் கேட்டிருந்தால், அவர்களும் பாதி அதே காரணத்தைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த நிபந்தனையைப் போட்டது யார் என்று கொஞ்சம் பார்ப்போம்.

மார்ட்டிமர் வீலர் 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தார். வந்த வருடமே தட்சசீலத்தில் மாணவர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1945-இல் அரிக்கமேடு, 1947-இல் நம் கர்நாடகத்துச் சித்ரதுர்கா மாவட்டத்துப் பிரம்மகிரி. அவர் ராணுவத்தில் இருந்து வந்தவர். கட்டம் கட்டமாகக் குழி போடுவது, மண்ணடுக்குக்கு எண் கொடுப்பது, குழியின் பக்கச் சுவரை வரைந்து வைப்பது எல்லாம் அவரிடமிருந்து நமக்குக் கிடைத்த சொத்து. கூடவே கூடாரமும் வந்தது, விடியற்காலை வரிசையும் வந்தது, 'தாங்குகிறவன் இரு, தாங்காதவன் போ' என்கிற மனநிலையும் வந்தது. சொத்தை வைத்துக்கொள்ளலாம். மற்றதை எண்பது வருடமாகச் சுமந்துகொண்டிருப்பது நம் பழக்கதோஷம்.

நானும் அப்படித்தான் சுமந்தேன். தொண்ணூறுகளில் நான் மேற்பார்வை பார்த்த ஓர் அகழாய்வில், இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பிய மாணவர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே பதிவேட்டைக் கையில் கொடுத்து நிழலில் உட்கார வைத்தேன். ஆறு வாரம் பானை ஓட்டுக்கு எண் எழுதினார். அழகான கையெழுத்து. நான் பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டேன். கடைசி நாள் குழியை மூடும்போது, "மேடம், நான் எங்க வயல்ல தினமும் வரப்பில உட்கார்ந்து களை எடுக்கிறவன்தான். குழி ஓரத்துல உட்காரவும் எனக்குத் தெரியும்" என்றார். அவரால் என்ன முடியும் என்று அந்த ஆறு வாரத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

அதனால் உங்கள் முதல் வேலை கேட்பது. ஊன்றுகோல் மாணவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். 24 பேருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள். எவ்வளவு நேரம் வெயிலில் நிற்க முடியும், தரையில் உட்கார முடியுமா, எத்தனை கிலோ தூக்க முடியும், நிறம் பிரித்துப் பார்க்க முடியுமா, எந்தெந்த மொழி படிக்க வரும், என்ன மருந்து எடுக்கிறீர்கள், எந்தெந்த நாள் வர முடியாது, எந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். இங்கிலாந்தில் சில பல்கலைக்கழகத் தொல்லியல் துறைகள் இதே வழியில் மாணவர்களே தங்களை மதிப்பிட்டுக்கொள்ளும் ஒரு முறையை உருவாக்கின. எல்லோரிடமும் கேட்டால்தான் மண்ணின் நிறத்தைப் பிரிக்க முடியாத பையனும், ஆஸ்துமாவை மறைத்து வைத்திருக்கும் பெண்ணும் வெளியே தெரிவார்கள்.

சரி, களம் எங்கே? என் யோசனை, இந்த வருடம் பெங்களூரை விட்டு வெளியே போக வேண்டாம். பத்து நாள் முகாமைப் பத்து சனிக்கிழமையாக உடைத்துப் போடுங்கள். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை. டிசம்பர் தொடங்கி பிப்ரவரி வரை இந்த ஊரில் அந்த நேரத்தில் வேலை செய்வதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகும் மூவரும் மாலைக்குள் திரும்பிவிடுவார்கள், நான்கு பெண்களும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார்கள்.

'பெங்களூரில் என்ன இருக்கிறது, எல்லாம் ஐடி கம்பெனி' என்பார்கள். பேகூருக்குப் போகச் சொல்லுங்கள். அங்குள்ள நாகேஸ்வரர் கோயில் வளாகத்தில் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டில் பெங்களூருப் போர் என்ற சொல் வருகிறது. பின்னால் வந்த ஒரு ஹொய்சள ராஜாவுக்கு வெந்த அவரை கொடுத்த பாட்டியால்தான் 'பெந்த காளூரு' என்று பெயர் வந்தது என்ற கதை அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது. ஹெப்பாளில் 2018-இல் வெளியே வந்த கிட்டய்யா நடுகல் இன்னும் பழையது, சுமார் கி.பி. 750. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. தொம்மலூரைத் தேசிமாணிக்கப்பட்டணம் என்று சொல்கின்றன அவை. மடிவாளா சோமேஸ்வரர் கோயில் சுவரிலும் தமிழ் எழுத்துதான். கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பில் ஆதகூர் கல் இருக்கிறது. காட்டுப்பன்றியோடு சண்டை போட்டுச் செத்த காளி என்ற நாய்க்கு எடுத்த கல் அது. தக்கோலப் போரில் ராஜாதித்த சோழன் இறந்ததும் அதே கல்லில்தான் எழுதியிருக்கிறது, 949-இல். ஒரு நாயையும் ஒரு சோழ இளவரசனையும் ஒரே கல்லில் படிக்கிற வாய்ப்பு வேறு எந்த ஊர் மாணவனுக்கு இருக்கிறது! (திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இதை நீண்ட காலம் நடக்கும் பயிற்சியாக மாற்றுவது இப்படி. கர்நாடகக் கல்வெட்டுகளைத் தொகுத்த பி. எல். ரைஸ் 1905-இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதி இணையத்தில் கிடைக்கிறது. அதிலிருந்து உங்கள் கல்லூரிக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அவை இன்று இருக்கின்றனவா, இருந்தால் எந்த நிலையில் என்று தேடிப் போவதுதான் முதல் இரண்டு சனிக்கிழமை. சில கல் கிடைக்காது. சாலை போட்டதில், ஏரிக்கரை பலப்படுத்தியதில், அபார்ட்மென்ட் கட்டியதில் போயிருக்கும். 'கிடைக்கவில்லை' என்பதைப் பதிவு செய்வதும் ஆய்வு முடிவுதான் என்று மாணவர்களுக்கு அங்கேயே சொல்லிவிடுங்கள். கிடைத்த கல்லை ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து வருகிற மாணவர் கையில் ஐந்து வருடப் படம் இருக்கும். எந்த எழுத்து உதிர்ந்தது, எங்கே எனாமல் பெயின்ட் பூசினார்கள், எந்தக் கல் சாய்ந்தது என்று தெரியும். பத்து நாள் வெளியூர் முகாமில் இப்படி ஒன்று சேராது. போகிறோம், தோண்டுகிறோம், வருகிறோம், அடுத்த வருடம் வேறு ஊர்.

இந்த ஊர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் வேலையை மிதிக் சொசைட்டி என்ற பெங்களூரு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். முதலில் அவர்களோடு பேசிவிடுங்கள், செய்த வேலையையே திரும்பச் செய்ய வேண்டாம். உங்கள் மாணவர்களுக்கு விலை உயர்ந்த ஸ்கேனர் தேவையில்லை. ஒரு கல்லுக்கு அறுபது, எழுபது படம் போனில் எடுக்கலாம். அடுத்தடுத்த படங்களில் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மங்கிய எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டி தேய்க்கவோ மாவு பூசவோ விடாதீர்கள். எங்கள் தலைமுறை அதைச் செய்து நிறையக் கெடுத்திருக்கிறது. சாயங்காலமோ நிழலிலோ ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தாலே எழுத்து எழுந்து நிற்கும். மைப்படி (கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுப்பதென்றால் அனுமதி வாங்கிக்கொண்டு, தெரிந்தவர் கூட இருக்கும்போது மட்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. தொம்மலூரில் தமிழ் படிக்கத் தெரிந்த மாணவர் கன்னட நண்பருக்குச் சொல்லிக்கொடுப்பார், பேகூரில் அது தலைகீழாகும். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் தலை குனிகிற அந்தப் பிள்ளைகள் தமிழ்க் கல்வெட்டுச் சுவர் முன்னால் வாய் திறப்பதைப் பார்ப்பீர்கள்.

இப்போது உங்கள் மூத்த ஆசிரியருக்கு. 'குழி தோண்டாமல் என்ன தொல்லியல்' என்பது பாதி சரியான கேள்வி. மண்ணடுக்கைக் கரணையால் சுரண்டி, நிறம் மாறும் இடத்தில் கையை நிறுத்தக் கற்காதவருக்குத் தொல்லியல் முழுசாக வராது. ஆனால் கல்லூரி நினைத்தால் உரிமம் இல்லாமல் எங்கேயும் தோண்ட முடியாது, 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் அப்படி. மேற்பரப்பில் கிடக்கும் பானை ஓட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். இருக்கும் இடத்தைக் குறித்து, படம் எடுத்து, அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். தோண்டிய மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. முதல் முறை கரணை பிடிப்பவர் தவறு செய்தே தீருவார். அந்தத் தவறை உண்மையான களத்தில் ஏன் செய்ய வேண்டும்?

கல்லூரி மைதானத்தின் மூலையில் ஒரு செயற்கைக் குழி போடுங்கள். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், அறுபது சென்டிமீட்டர் ஆழம். அடியில் செம்மண், அதன் மேல் சாம்பல் கலந்த மண், அதன் மேல் கட்டட இடிபாடு, மேலே தோட்டத்து மண். நடுவில் ஒரு குப்பைக்குழி வெட்டி மூடுங்கள், ஒரு அடுப்பைக் கட்டி எரித்து விடுங்கள். பானை ஓட்டுக்குப் பாட்டரி டவுனுக்குப் போங்கள். சூளையில் வெடித்த பானையைச் சும்மாவே கொடுப்பார்கள், தமிழில் பேசினால் டீயும் கிடைக்கும். எதை எங்கே வைத்தீர்கள் என்ற வரைபடம் உங்கள் பீரோவில் பூட்டி இருக்கட்டும். மாணவர்கள் தோண்டி வரைந்ததை அதோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடலாம். உண்மையான அகழாய்வில் விடைத்தாளே கிடையாது, இதில் உண்டு. தோண்டி முடித்த அணி, அடுத்த அணிக்குக் குழியை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மண்ணடுக்கு எப்படி உருவாகிறது என்பது தோண்டும்போது புரிவதைவிட நிரப்பும்போது நன்றாகப் புரியும். மண் அதே மண். செலவு முதல் வருடத்தோடு சரி.

இந்தக் குழியை ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் ஏற்றதாகக் கட்டலாம். ஒரு பக்கம் சரிவு விடுவதென்றால் 1-க்கு 12 என்பது வழக்கமான கணக்கு, அறுபது சென்டிமீட்டர் இறங்க ஏழு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். சக்கர நாற்காலிக்கு அது அவசியம். ஊன்றுகோல்காரர்களில் சிலருக்கோ சரிவைவிட அகலமான, தாழ்ந்த படியும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும்தான் சௌகரியம். கட்டுவதற்கு முன்னால் அவரையே கேளுங்கள். சல்லடையைத் தரையில் வைத்து ஆட்டாமல் மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டி அதில் இடுப்பு உயரத்துக்குத் தொங்க விடுங்கள். அவருக்கு மட்டுமில்லை, என்னைப் போல முதுகு போனவர்களுக்கும் அது வரப்பிரசாதம். ஓடு கழுவுவது, பிரிப்பது, வரைவது எல்லாம் மேசையில். ஆனால் எல்லா வேலையும் எல்லோருக்கும் சுழற்சியில் வர வேண்டும். உட்காரும் வேலை ஒருவருக்கே, சமையல் பாத்திரம் பெண்களுக்கே, டோட்டல் ஸ்டேஷன் என்கிற நில அளவைக் கருவி ஆண்களுக்கே என்று தானாகப் பிரிந்துவிடும். நீங்கள் தடுக்காவிட்டால் மூன்றாம் நாளே அப்படித்தான் ஆகும்.

காது கேட்காத மாணவருக்கு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே மாற்ற வேண்டியிருக்கும். குழியைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள், அவரைப் பார்த்துப் பேசிவிட்டு அப்புறம் குழியைக் காட்டுங்கள். அன்றைய வேலையைக் காலையிலேயே எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். விசிலுக்குப் பதில் சிவப்புக் கொடி. அவருக்குச் சைகை மொழி வேண்டுமா, எழுத்தா, போனில் பேச்சை எழுத்தாக்கும் செயலியா என்பது அவர் சொல்ல வேண்டியது. வேண்டியதை ஏற்பாடு செய்வது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கல்லூரியின் கடமை. தயவு தாட்சண்யம் என்ற பேச்சு அலுவலகத்தில் எழுந்தால் அந்தச் சட்டத்தின் நகலை மேசையில் வையுங்கள்.

கழிப்பறை. இதை யாரும் பாடத்திட்டத்தில் எழுதுவதில்லை. நான் மாணவியாக இருந்தபோது ஒரு களத்தில் பெண்களுக்கு என்று ஒரு தடுப்புகூட இல்லை. நாங்கள் ஐந்து பேர் காலை முதல் தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு ஊருக்குப் போனாள், அந்தத் துறைக்கே திரும்பி வரவில்லை. 'அவளுக்கு ஆர்வமில்லை' என்று பதிவாயிற்று. அதனால் கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கழிப்பறையைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிட நடையில் பூட்டுகிற கதவும் தண்ணீரும் உள்ள ஒன்று இல்லையென்றால் அந்த இடம் பட்டியலில் வேண்டாம். பக்கத்துப் பள்ளி, கோயில் அலுவலகம், ஹோட்டல் என்று முன்னாலேயே பேசி வைக்கலாம். மாதவிடாய் நாளில் கோயிலுக்குள் வர விரும்பாத பெண் காரணம் சொல்லத் தேவையில்லாதபடி, அன்று வெளியில் செய்யும் வேலையும் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

பெற்றோர் ஏன் பயப்படுகிறார்கள் என்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. 2014-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட கணக்கெடுப்பில், களப்பணி செய்த 666 பேர் பதில் சொன்னார்கள். 64 சதவீதம் பேர் களத்தில் பாலியல் சீண்டலைத் தாங்களே அனுபவித்ததாகச் சொன்னார்கள். நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள் களப்பயணம், சுற்றுலா, முகாம், போய்வரும் வண்டி எல்லாவற்றையும் கல்லூரி வளாகத்தின் நீட்சியாகவே கணக்கில் எடுக்கின்றன. ஆகவே உள் புகார்க் குழுவில் உள்ள ஒருவரின் எண் ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்க வேண்டும். அவர் அந்தப் பயிற்சிக்கு வராதவராக இருப்பது நல்லது. புகாரே பொறுப்பாசிரியர் மேல் என்றால் மாணவி யாரிடம் போவாள்?

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 9,000 ரூபாய் என்பது தங்குவதற்கும் பஸ்ஸுக்கும் ஆன செலவு. ஊருக்குள் நடத்தினால் அது போய்விடுகிறது. கர்நாடக முகவரி அட்டை உள்ள பெண்களுக்கு 2023 ஜூனிலிருந்து சாதாரண பிஎம்டிசி நகரப் பஸ்ஸில் கட்டணம் இல்லை. மற்றவர்களின் பஸ் செலவைத் துறை ஏற்கட்டும். டேப், தூக்குக்குண்டு, லெவல், வரைதாள், கரணை வாங்கிவிட்டால் பல வருடம் வரும். கரணையைச் சிவாஜிநகர் பக்கம் கொத்தனார் சாமான் கடையில் வாங்குங்கள், வெளிநாட்டுக் கரணை வேண்டாம்.

உண்மையான அகழாய்வைப் பார்க்காமலே பட்டம் வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம். தொல்லியல் துறையோ மாநிலத் துறையோ தோண்டும் களத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள், விரும்புகிறவர்கள் விடுமுறையில் தங்கிக் கற்கட்டும். சனிக்கிழமைப் பயிற்சியில் ஒன்று கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நேற்று விட்ட இடத்தில் இன்று காலை போய் நின்று, ராத்திரிப் பனியில் ஈரமான குழிச் சுவரில் புதிதாக ஒரு கோடு தெரிவதைப் பார்க்கும் அனுபவம் அது. அது வேண்டுகிறவர்கள் தேடிப் போவார்கள். அதை மட்டுமே பயிற்சி என்று சொல்லி ஒன்பது பேரை நூலகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை.

அந்த ஒரு நாள் பயணத்தில் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். நம் களங்களில் கரணை பிடிப்பதும் பாண்டில் மண் சுமப்பதும் பெரும்பாலும் உள்ளூர்க் கூலிக்காரர்கள், அதிலும் பெண்கள். பத்து சீசன் வேலை செய்த அம்மாவுக்கு மண் மாறுவது கைக்குத் தெரியும். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அறிக்கையில் அவர்கள் பெயர் வரவில்லை, அதில் என் பங்கும் உண்டு. உங்கள் மாணவர்கள் அவர்களிடம் பெயர் கேட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வரட்டும்.

மதிப்பெண்ணுக்கு வருகைப் பதிவை நம்பாதீர்கள். அளந்து வரைவது, மண்ணடுக்கைப் பிரிப்பது, பதிவேடு எழுதுவது, ஓடு வகைப்படுத்துவது, கல்வெட்டின் நிலையைப் பதிவது என்று ஐந்து திறன் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை செய்து காட்ட வேண்டும். எட்டு சனிக்கிழமையில் முடித்தாலும் சரி, பன்னிரண்டில் முடித்தாலும் சரி. அளவு தப்பாக இருந்தால் ஊன்றுகோல்காரருக்கும் மதிப்பெண் கிடையாது. இதைச் சொன்னால் உங்கள் மூத்த ஆசிரியர் சமாதானமாகிவிடுவார் என்று நம்புகிறேன். ஆகவில்லையென்றால் ஒரு சனிக்கிழமை அவரையும் கூப்பிட்டு, செயற்கைக் குழியில் குப்பைக்குழியின் விளிம்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இந்த வாரமே பேகூருக்கு ஒரு நடை போய் இடத்தைப் பாருங்கள். கோயில் நிர்வாகத்துக்குக் கல்லூரிக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். தனியாகப் போக வேண்டாம், ஊன்றுகோல் மாணவரையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே போங்கள். எந்தப் படி உயரம், எந்த வாசலில் செருப்பில்லாமல் ஊன்றுகோல் வழுக்கும், எங்கே ஓர் இருக்கை வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.